மேலதான் இருக்கேன்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பேய்க்கு இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இது பட்டப்பகலில், வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, என் அக்காவின் கணவருக்கு நடந்தது.

அத்தான் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்ல வராது. பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு ஜெப வானொலி நிலையத்தில் போய் உட்கார்ந்தவர். தினமும் காலையில் டிரான்ஸ்மிட்டரின் இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். "உங்க அத்தானுக்கு ரெண்டு சம்சாரம். மூத்தவ இரும்புல செஞ்சவ" என்பாள் அக்கா. அவர் சிரித்துக்கொள்வார். "படுத்த படுக்கையா கிடக்கிறவன் காதுக்கும் ஒரு நல்ல வார்த்தை போய்ச் சேருதே. அது போதும் எனக்கு."

அந்த நிலையத்தின் கோபுரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒலிபரப்பு ஓடும்போது கோபுரம் முழுக்க மின்சாரம். மேலே இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கை கோபுரத்தில் இருக்க, கால் தரையைத் தொட்டால் ஆள் முடிந்தான். அதனால் யாராவது ஏறினால் அத்தான் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டுத்தான் ஏற விடுவார். ஏறுகிறவன் ஒல்லியான ஓர் ஆள். எல்லோரும் குருவி என்று கூப்பிடுவார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான். கையில் வாக்கி-டாக்கி வைத்திருப்பான். இறங்குவதற்கு முன் கட்டாயம் கேட்பான். "சார், இறங்கலாமா?"

ஒரு நாள் உச்சியில் இருந்த சிவப்பு விளக்கை மாற்றக் குருவி ஏறியிருந்தான். நிலையத்தை நடத்திய போதகர், அவசரம் என்று அத்தானை நகரத்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். அத்தான் அங்கே போய்ச் சேர்வதற்குள், டிரான்ஸ்மிட்டர் கூடத்தில் இருந்த ஆபரேட்டருக்குப் போதகரிடமிருந்து போன் வந்தது. பிரசங்க நேரம், உடனே போடு என்று.

"குருவி மேல இருக்கான் சார்."

"மேல இருக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்க இன்ஜினியரே சொல்லியிருக்காரே. போடு."

போட்டான். போட்டதும் வாக்கி-டாக்கியில் வெறும் இரைச்சல்தான்; வெளியே ஓடி, "இறங்காதே" என்று கையை ஆட்டிக் கத்தினான். காற்று அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது. சாப்பிடக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, குருவி பதிலுக்குக் கையசைத்துவிட்டு இறங்கி வந்தான்.

அத்தான் இதைக் கேட்டதும் நேராகப் போதகரிடம் போனார். "அவன் பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா நிலையத்தை மூடிடுவாங்க. எத்தனை ஆத்துமா காத்துக்கிட்டிருக்கு? ஒருத்தனுக்காகவா?"

"அந்த ஒருத்தன்தான் செத்திருக்கான்."

"விசுவாசம் இல்லாதவன் மாதிரிப் பேசாதீங்க."

கைதவறி நடந்த விபத்து என்று எழுதி முடித்தார்கள். ஆபரேட்டர் வேலையை விட்டு ஓடிவிட்டான். அத்தான் தனி ஆளாக நிலையத்தை ஓட்டினார். வீட்டில் சாப்பிட உட்காருவார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். ஜெபிக்கக் கண்ணை மூடினால் பல்லைக் கடிப்பார். "நீரும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீர்?" என்று கடவுளைக் கேட்பது அக்காவின் காதில் விழும். அவர் வயிற்றில் எரிந்த நெருப்பை ஜெபத்தால் அணைக்க முடியவில்லை.

பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

முதலில் ஒலிபெருக்கியில், பாட்டுக்கு அடியில்... டிங்... டிங்... இரும்பில் ஸ்பானர் இடிப்பது போல. பாட்டை நிறுத்தினால் அதுவும் நின்றது. ஒயர்களை எல்லாம் பிரித்துப் பார்த்தார். ஒரு பழுதும் இல்லை.

மறுநாள் ஜன்னல் வழியே பார்த்தார். கோபுரத்தில் யாரும் இல்லை. காற்றும் இல்லை. ஆனால் குருவி சாமான் ஏற்றுவதற்காக உச்சியிலிருந்து தொங்கவிட்ட கயிறு ஆடிக்கொண்டிருந்தது. ஆள் பிடித்து இழுத்தால் ஆடுமே, அப்படி.

அதற்கடுத்த ஞாயிறு காலை. நகரத்து ஸ்டுடியோவிலிருந்து போதகரின் நினைவுப் பிரசங்கம். குரல் தழுதழுத்தது. "ஆண்டவர் அவனை அழைத்துக்கொண்டார். என் சகோதரன் கனவில் வந்தான். நான் இளைப்பாறுகிறேன் என்றான்..."

மேஜைமேல் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

அதன் ஜோடி கருகிப்போய் போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது. அத்தானுக்குத் தெரியும்.

"இல்ல சார்..."

குருவியின் குரல்.

"மேலதான் இருக்கேன்... கை வலிக்குது சார்..."

அத்தான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"கரண்ட் ஓடுதே சார்... நீங்க சொல்லாம எப்படி இறங்குவேன்?"

பயம் போன இடம் தெரியவில்லை. அத்தனை கோபம் வந்தது அவருக்கு. போதகர் பேசிக்கொண்டே இருந்தார். இளைப்பாறுதல்... சமாதானம்...

அத்தான் மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தார்.

படாரென்று எல்லாம் அடங்கியது.

வாக்கி-டாக்கியை எடுத்தார். 

"அணைச்சிட்டேன். இறங்குப்பா."



டிங்...

மேலே, வெகு உயரத்தில்.

டிங்... டிங்...

ஒவ்வொரு படியாக.

இன்னும் கீழே.

இன்னும்...

சரளைக் கல்லில் இரண்டு கால்கள் தொப்பென்று விழுந்தன.

வேலிக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

வெயிலில் யாரும் இல்லை.

சரளைமேல் காலடி மட்டும்... சாலையை நோக்கிப் போனது.

டெலிபோன் அலறியது. போதகர். "ஏன்யா நின்னுபோச்சு?"

"அவன் இறங்கணும்."

"எவன்?"

அத்தான் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் போதகரைக் காணோம். அவர் வீட்டு வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. செருப்பு, கண்ணாடி எல்லாம் அப்படியே இருந்தன. இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை.  அத்தான் போலீசுக்குப் போய் உண்மை முழுவதையும் சொன்னார். விசாரணைக்குப் பயந்து போதகர் ஓடிவிட்டார் என்றார்கள். பிறகு குருவியின் மனைவியைத் தேடிப் போனார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

"தெரியும் சார்" என்றாள் அவள். அழவில்லை. "ஞாயித்துக்கிழமை காலையில அவரே வந்து சொல்லிட்டுப் போனாரு. நீங்கதான் இறக்கி விட்டீங்களாமே."

அத்தான் திரும்பிச் சாலையைப் பார்த்தார்.

"உள்ள வாங்கன்னு சொன்னேன். வரலை. போதகர் வீட்டுக்கு எப்படிப் போகணும்னு கேட்டாரு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"வழி சொல்லி அனுப்பினேன்."