கிருத்திகை நாளில் ஆறாவது நிறம்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் கைபேசிகள் எல்லாம் வெறும் கடிகாரங்கள். மலையைச் சுற்றிக் காவடி, காவடிக்கு ஒரு போன், போனுக்கு ஒரு வீடியோ. சிக்னல் எங்கே நிற்கும்? அன்றைக்குப் பார்த்து அக்காவும் அவள் கணவர் பாவாவும் பொதட்டூர்பேட்டையிலிருந்து பைக்கில் என் வீட்டில் வந்து இறங்கினார்கள், கையில் ஒரு படத்தோடு.

அக்கா தன் கையால் வரைந்த முதல் லுங்கிக் கட்டம்! இத்தனை வருஷமாக வியாபாரி கொடுத்த கட்டத்தைத்தான் பாவாவின் தறி நெய்தது. சாயங்காலம் அந்த வியாபாரி வருவதற்குள் இது ஒரு முழமாவது தறியில் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய கட்டமே மறுபடி ஏறிவிடும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தயார். குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிற வரிசையைத் தறிக்குச் சொல்லும் மென்பொருள் நான் எழுதியது. அதற்கு ஐந்து நிறம்தான் தெரியும். அக்கா ஆறு போட்டிருந்தாள். மாம்பழ மஞ்சளை விடமாட்டாளாம்.

அக்கா போனில் சொல்லியிருந்ததால், ஆறு நிறம் பிரிக்கும் ஆயத்த நிரல் பொதி (package) ஒன்றை முந்தின நாளே இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்தேன். அதை என் நிரலோடு சேர்த்து, கணினியைத் தொகுக்கச் சொன்னேன். நின்றுவிட்டது. படத்தைப் படிக்கும் வேறொரு பொதி வேண்டும், அதுவும் புதுப் பதிப்பாக வேண்டும் என்கிறது வந்த பொதி. என் நிரலுக்கோ அதன் பழைய பதிப்பே போதும். இப்படி இரண்டு பேர் இரண்டு கேட்டால், தொகுக்கும் கருவி எப்போதும் புதியதன் பின்னால்தான் ஓடும். புதியது இணையத்தில். இணையமோ கூட்டத்தோடு மலையேறிவிட்டது.

"இன்னா மச்சான், சுத்திகினே கீது?" பாவா திரைக்குள் எட்டிப் பார்த்தார். "முருகரே வந்து தள்ளணுமா?"

"வூட்ல இல்லாத புளியக் கேட்டு அழுவுதுன்னு நினைக்கிறேன்," என்றாள் அக்கா.

"ஆங், அதேதான்க்கா. இருக்கிறத வெச்சிக் கொழம்பு வெய்யின்னு இப்ப சொல்லப்போறேன் பாரு!"

எதை எடுப்பது என்று கருவி தீர்மானிக்கும் விதியையே நாம் திருத்தி எழுதலாம். படித்திருக்கிறேன், செய்ததில்லை. விரல்கள் துள்ளின. யார் எந்தப் பதிப்பைக் கேட்டாலும் கையிலிருக்கும் பழையதையே கொடு, வெளியே போகாதே என்று எழுதினேன். ஓட்டினேன். ஓடியது, ஓடியது, மறுபடி நின்றது. இந்த முறை, மின்னஞ்சல் அனுப்ப ஒரு துணைப்பொதி இல்லையாம்! லுங்கிக்கு எதற்கு மின்னஞ்சல்? அதைக் கேட்காதே என்று இன்னொரு வரி.

முடிந்தது! ஆனால் தொகுப்பு முடிந்தால் போதுமா? பழையது புதியதன் வேலையைச் செய்யுமா? கட்டத்தைத் திறந்தேன். சிவப்பு, கருநீலம், பச்சை... அக்கா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில், மெல்லிய கோடாக, மஞ்சள்.

"டேய்!" என்று முதுகில் ஒன்று வைத்தாள் அக்கா.

பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, மூவரும் ஒரே பைக்கில் காவடிகளுக்கு வழிவிட்டு, சந்து சந்தாக நுழைந்து ஊரைத் தாண்டினோம். பொதட்டூர்பேட்டையில் தறியில் செருகியதும் அது தடதடவென்று பிடித்துக்கொண்டது. மஞ்சள் நூல் குறுக்கே பாய்ந்தபோது நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

வியாபாரி வந்தார். துணியை இரண்டு விரலால் தேய்த்தார். "யாரு போட்ட கட்டம்ப்பா?"

"என் பொண்டாட்டிங்க!" தறிச் சத்தத்துக்கு மேல் பாவா போட்ட கூச்சல் பக்கத்துத் தெருவரை போயிருக்கும்.

பழைய கட்டம் இருந்த தன் பையை வியாபாரி திறக்கவேயில்லை. "எத்தினி உருப்படி தருவீங்க?" என்று அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார்.