எண்பது சதவீதம் தள்ளுபடியில் ஒரு தீவு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலத்தீவில் ஒரு ராத்திரி தங்க முப்பத்தெட்டாயிரம் ரூபாய் என்று ஒரு தாளில் போட்டிருந்தால், உண்மையான விலை ஏழாயிரத்து அறுநூறு என்று நான் நம்பினேன். ஆசையில் நம்பவில்லை. தொழில் அனுபவத்தில் நம்பினேன். அதுதான் அசிங்கம்.

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் சின்னதாக ஒரு பிரஸ் வைத்திருக்கிறேன். இரண்டு மிஷின், ஐந்து ஆட்கள். வைகாசியில் ஆரம்பித்து தீபாவளி வரைக்கும் எங்களுக்குப் பட்டாசு விலைப்பட்டியல் அடிப்பதுதான் பிழைப்பு. தரைச்சக்கரம் ஒரு பெட்டி ஐநூறு ரூபாய் என்று அடிப்போம். பக்கத்திலேயே சிவப்பு நட்சத்திரம் வெடித்துச் சிதறுகிற மாதிரி ஒரு படம் போட்டு, அதற்குள் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று அடிப்போம். ஐநூறு ரூபாய்க்கு அந்தச் சக்கரத்தை உலகத்தில் யாரும் விற்றதும் இல்லை, வாங்கியதும் இல்லை. விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், அந்த நட்சத்திரத்துக்கு மஞ்சள் பார்டர் போட்ட எனக்கும் தெரியும். இருபத்தைந்து வருடமாக இப்படி அச்சடித்தவனுக்கு, அச்சில் இருக்கிற விலை எதைப் பார்த்தாலும் ஐந்தால் வகுக்கத்தான் தோன்றும். ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தே ஒருமுறை வகுத்திருக்கிறேன்.

இந்தக் கணக்குப் புலிக்குத்தான் போன ஆடியில் ஒரு சோதனை வந்தது. என் மனைவிக்குச் சீட்டு விழுந்தது. சேலைக்கு ஃபால்ஸ் தைத்து, ஐந்து வருடம் அவளாகக் கட்டிய சீட்டு. நகை எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் அடுப்புக்கு எதிரே தொங்கிய காலண்டரைக் காட்டினாள். பக்கத்து பிரஸ்காரர் சாம்பிளுக்குக் கொடுத்தது. நீலக்கடல், கடலுக்கு மேலே கால் ஊன்றி நிற்கிற ஓலை வீடுகள், முன்னால் மணலில் ஒரு மேசை, மேசையில் மூடிவைத்த தட்டுகள்.

"இங்கன நாலு நாள் போய் இருந்துட்டு வரணுங்க" என்றாள்.

"கடல் பாக்கணும்னா தூத்துக்குடி ரெண்டு மணி நேரம்" என்றேன்.

"கடலுக்காகச் சொல்லல. நாலு நாளைக்கு அடுப்பு மூஞ்சில முழிக்கக் கூடாது. நாளைக்கு என்ன வைக்கன்னு யோசிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

இதில் புரியாத வார்த்தை எதுவும் இல்லை. சீசனில் என் பிரஸ்ஸின் ஐந்து பேருக்கும் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். ஒருத்தருக்குக் கத்தரிக்காய் ஆகாது, ஒருத்தருக்குச் சர்க்கரை. இருபத்தாறு வருடமாக அந்த அடுப்பு அவள் காய்ச்சலில் கிடந்த நாளில்கூட அணைந்ததில்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி மட்டும். அதையும் அவள்தான் வைப்பாள்.

மதுரையில் ஒரு டிராவல்ஸுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த தம்பி ஒரு தாளை நீட்டினார். பார்த்ததும் எனக்குத் தாய்வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அதுவும் விலைப்பட்டியல்தான். அடிமட்டத்தில், அந்த ஊர் ஜனங்களே குடியிருக்கிற தீவில் ஒரு லாட்ஜ். அதற்கு மேலே, தனித்தீவில் தோட்டத்துக்குள் ஓர் அறை. அடுத்தது மணலை ஒட்டிய வீடு. அடுத்தது கடலுக்கு மேல் வீடு. உச்சியில், கடலுக்கு மேல் வீடு, அந்த வீட்டுக்குள் ஒரு குளம். எங்கள் தெருவில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். கடலுக்கு மேல் உட்கார்ந்துகொண்டு அதற்குள் ஒரு குளம் வெட்டி, அந்தக் குளத்துக்கு ஒரு ராத்திரிக்கு இருபதாயிரம் கூடுதல் என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அப்படி ஒரு மரியாதை வந்தது.

ஒவ்வொரு வரிசையிலும் சாப்பாட்டுக்குத் தனி விலை. காலை மட்டும், காலையும் இரவும், மூன்று வேளையும், கடைசியாகக் குடி உட்பட எல்லாமும். எனக்கு உடனே கிஃப்ட் பாக்ஸ் ஞாபகம் வந்தது. இருபத்தோரு ஐட்டம், முப்பத்தோரு ஐட்டம், ஐம்பத்தோரு ஐட்டம். பெட்டி பெரிதாகப் பெரிதாக உள்ளே பாம்பு மாத்திரையும் கலர் தீப்பெட்டியும்தான் கூடும் என்பது ஊருக்கே தெரியும். ஆக, மேல்தட்டு வீட்டிலும் பாம்பு மாத்திரை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டியது என் பொறுப்பு என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

என் மனைவி தாளைத் தொடவே இல்லை. அந்தத் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மூணு வேளையும் அவுகளே ஆக்கித் தருவாகளா?"

"தருவாங்கம்மா. ஃபுல் போர்டுன்னு போட்டா நீங்க போய் உக்காந்தாப் போதும்."

"நம்ம சாப்பாடு கெடைக்குமா?"

"சோறு, பருப்பு எல்லாம் இருக்கும். நம்ம ஆளுங்க நெறைய வேல பாக்கிறாங்க அங்க."

"அந்தத் தோட்டத்து ரூம் போதும். அதுல இந்த மூணு வேளையப் போட்டுருங்க."

தம்பி கூட்டிப் பார்த்தார். திருவனந்தபுரத்திலிருந்து விமானம், அங்கே படகு, நான்கு ராத்திரி, மூன்று வேளை, வரி எல்லாம் சேர்த்து அவள் சீட்டுப் பணத்துக்குள் அடங்கியது. மிச்சம்கூட இருந்தது. அவள் பையைத் திறந்துவிட்டாள். நான் அவள் கையின் மேல் கை வைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பொது இடத்தில் அவள் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். அதுவும் இதற்காக.

"இருங்க தம்பி. இதுல எத்தன சதவீதம் கழியும்?"

"இது கழிச்ச ரேட்டு சார்."

நான் சிரித்தேன். "நாங்களும் அப்பிடித்தான் அடிப்போம்."

அவர் சிரிக்கவில்லை. "இப்ப அங்க மழை சார், அதனாலதான் இந்த விலை. நவம்பர் வந்துட்டா ஏறிரும்."

ஸ்டாக் உள்ளவரை மட்டுமே என்று எல்லா நோட்டீஸிலும் அடித்துக் கொடுக்கிறவன் நான். என்னிடமேயா? தீபாவளிக்கு மறுநாள் வெடி என்ன விலைக்குப் போகும் என்று சிவகாசிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? சீசன் முடியட்டும், தானாக விழும் என்று எழுந்துவிட்டேன். திரும்பும் பஸ் கள்ளிக்குடி தாண்டியதும், "போட்டுருந்தா முடிஞ்சுருக்கும்" என்றாள். ஒரு பொரிகடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எனக்குப் பேய் பிடித்தது. வேலை முடிந்ததும் பிரஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பட்டாசுப் பட்டியல் மாதிரியே ஒரு தீவுப் பட்டியல் தயார் செய்தேன். வரிசை எண், தீவின் பெயர், அறை, படகா விமானமா, சாப்பாடு, நிகர விலை. இருபத்தெட்டுத் தீவுகள். மலிவான அறை எல்லாம் தூரத்துத் தீவில் இருந்தது. அங்கே போகத் தண்ணீரில் இறங்குகிற குட்டி விமானம் வேண்டும். அந்த விமானக் கூலிக்கு இன்னொரு அறையே எடுத்துவிடலாம். சரி, பக்கத்துத் தீவு என்று வந்தால் அறை விலை ஏறியது. அறையைக் குறைத்தால் சாப்பாடு ஏறியது. எங்கே அமுக்கினாலும் வேறெங்கோ உப்பியது. நான் அசரவில்லை. இருபத்தெட்டு தீவு முதலாளிகளும் எனக்கு எதிராக ஒரு சங்கம் வைத்திருப்பதாகவே நினைத்து மல்லுக்கு நின்றேன். இதில் என் செல்போன் வேறு, நீச்சல் உடைப் பெண்களாகக் காட்டத் தொடங்கியது. ஆர்டர் கொடுக்க வந்த பெரியவர் ஒருவரிடம் லேபிள் டிசைன் காட்டப்போக, நடுவே ஒருத்தி குளத்திலிருந்து எழுந்து வந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது எந்த வெடிக்கு லேபிளு?" என்றார்.

ஆமத்தூரில் வெடிக்கடை வைத்திருக்கிற என் சிநேகிதன் பட்டியலைப் பார்த்தான்.

"ஏலே, கடலுக்கு மேல கக்கூஸு கட்டிருக்கான். அதுக்கு அம்புட்டு ரூவாயா?"

"கீழ கண்ணாடித் தரைடா. மீனு தெரியும்."

"மீனுக்கும் நீ தெரிவேல்ல. அதுக்கு ஏதும் கழிப்பானா?"

சிரித்தோம். போகும்போது, "தங்கச்சி எதக் கேக்குது?" என்றான். "அதுக்கு எதுவா இருந்தாலும் சரிதான்" என்றேன். இன்றுவரை நான் சொன்ன பொய்களில் இதுதான் சுலபமாக வந்தது.

தீபாவளி முடிந்து நான்காம் நாள் மதுரைக்குப் போன் போட்டேன். வெற்றிக் குரலில் பேசினேன். தோட்டத்து அறை இப்போது என்ன விலைக்கு விழுந்திருக்கிறது என்று கேட்டேன். தம்பி சொன்ன விலை, ஆடியில் சொன்னதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு.

"சார், அவங்களுக்கு இப்பத்தான் சீசனே ஆரம்பிக்குது. உங்களுக்கு முடிஞ்சா அவங்களுக்கும் முடியணுமா?"

கால்குலேட்டரில் தவறுதலாக ஒரு சைபர் கூடப் போட்டு, வந்த தொகையைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பிறகு சைபரை எடுத்தும் உட்கார முடியவில்லை. மிஷின்காரர் சோடா வாங்கி வரவா என்று கேட்டார். இதற்கிடையில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் உண்டாகியிருந்தாள். அவள் புகுந்த வீட்டில் அதற்குள் தேதி குறித்திருந்தார்கள்: தையில் ஏழாம் மாதம், வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். ஆக, என் மனைவிக்குக் கைகால் ஓய்வாக இருக்கிற காலம் கார்த்திகையும் மார்கழியும் மட்டும். அதற்குள் ஒரு தீவு பிடித்தாக வேண்டும்.

பட்டியலை எடுத்துக் கழிக்க ஆரம்பித்தேன். கடல் மேல் வீடு போனது. மணல் வீடு போனது. தோட்டம் போனது. தனித்தீவே போய், ஊர் ஜனங்கள் குடியிருக்கிற தீவுக்கு இறங்கினேன். இன்னும் எட்டவில்லை. எந்தக் கட்டம் கனமாக இருக்கிறது என்று பார்த்தேன். சாப்பாடு. அதையும் கழித்தேன். மூன்று வேளை இரண்டாகி, ஒன்றாகி, ஒன்றுமில்லை என்று ஆனபோது, நிகர விலை ஆடியில் சொன்னதை விடவும் கீழே வந்து நின்றது. ஜெயித்துவிட்டேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

"அருமையான எடம். பீச்சுக்கு நடந்தே போயிரலாம். ரூம்லயே தனியாச் சமையல்கட்டு. கேஸ் அடுப்பு, மிக்ஸி, பாத்திரம் எல்லாம் அவனே தர்றான், அதுக்குக் காசு கெடையாது. அரிசி பருப்ப மட்டும் இங்கருந்து கட்டிட்டுப் போயிட்டோம்னா பாதிச் செலவு மிச்சம்."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அங்கனயும் நாந்தான் ஆக்கணுமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தவுடன் வாயை மூடுகிறவன் இல்லை நான். "கடலப் பாத்துக்கிட்டே ஆக்கலாம்ல" என்றேன்.

கோபித்திருந்தால் தப்பித்திருப்பேன். அவள் கோபிக்கவில்லை. தோசையை என் தட்டில் வைத்துவிட்டு, "நாலு நாளைக்கு எம்புட்டு அரிசி வேணும்? மூணு படி போதுமா?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். கண்ணில் அளவு ஓடியது தெரிந்தது.

"தோட்டத்து ரூமே போடுவோம். கூடப் போனாப் போகட்டும்" என்றேன். சின்னதாக ஒரு குரலில்.

"வேணாங்க. புள்ள வார நேரம், கையில காசு இருக்கட்டும். இன்னொரு தோசை வைக்கவா?"

வைத்தாள். சாப்பிட்டேன்.

மறுநாள் மதுரைக்குப் போன் போட்டேன். அந்தத் தோட்டத்து அறைகள் மார்கழி முழுக்க நிறைந்துவிட்டன என்றார் தம்பி. ஸ்டாக் உள்ளவரை மட்டுமே.

சீட்டுப் பணம் அவள் பேரில் டெபாசிட்டாக இருக்கிறது. ஒரு ரூபாய் குறையவில்லை. காசில்லாமல் நின்ற பயணம் இல்லை இது, அதனால் யாரிடமும் சொல்லி அழவும் முடியாது. தீவுப் பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வேண்டுகிறவர்களுக்கு அனுப்புகிறேன்; மிக நேர்த்தியான பட்டியல்.

நடந்தது இதுதான். மகள் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதனின் காரில் அவனும் அவன் மனைவியும் நாங்களுமாக ராமேஸ்வரம் போனோம். இதுவும் தீவுதான் என்று பாம்பன் பாலத்தில் வைத்துச் சொன்னேன். காரில் மூன்று பேர் சிரித்தோம். என் மனைவி விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்து, நாலு பேருக்கும் புளியோதரையும் தயிர்ச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டியிருந்தாள். தனுஷ்கோடியில் மணலில் பழைய பேப்பர் விரித்து அவளே பரிமாறினாள். நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கிளம்பும்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் முழங்கால் அளவு இறங்கி, தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு வந்தாள்.