தலையாட்டினால் எத்தனை ஓம்?

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர்தான் ஸ்தாமென். ஆனாலும் பிளவ்டிவ் வட்டாரத்தில் அவர் கைபடாமல் எந்தக் கல்யாணத்திலும் ஸ்பீக்கர் பாடியதில்லை. அவருடைய ஆம்ப்ளிஃபையருக்கு எட்டு ஓம் மின்தடை வேண்டும். ரொம்பக் குறைந்தால் புகைந்துவிடும். அன்றைய கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் நான்கு, ஒவ்வொன்றும் எட்டு ஓம்.

“ரெண்டு ரெண்டா தொடர்ல கோத்தா பதினாறு. அந்த ரெண்டு ஜோடியையும் பக்க இணைப்புல சேர்த்தா எட்டு. அப்படித்தானே மாட்டினே?” என்று மருமகன் வெலினைக் கேட்டார்.

வெலின் தலையை இடவலமாக ஆட்டினான். எங்கள் பல்கேரியாவில் அது ‘ஆமாம்’.

சுவிட்சைத் தொடுமுன் மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு ஓம்கூட இல்லை.

“நாலையும் பக்க இணைப்புல போட்டிருக்கியேடா! ஆமான்னு ஆட்டினியே?”

“இல்லைன்னுதான் ஆட்டினேன் மாமா. பத்து வருஷ ஜெர்மனிப் பழக்கம்.”

“வாய எதுக்கு வச்சிருக்கே, திங்கவா?”

மணமகள் வாசலுக்கு வந்துவிட்டாள். ஸ்தாமென் ஒயர்களைப் பிடுங்கித் தானே கோத்தார்.