வீட்டுக்குப் பக்கத்து டாக்டர்

குடிநோய் வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது என் தம்பியை ஓர் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். குடியை உடம்பிலிருந்து இறக்கிவிட்டால் மட்டும் போதாது, அதற்குப் பிறகு பிரஷர், கல்லீரல், தூக்கம் எல்லாவற்றையும் தொடர்ந்து பார்க்க ஒரு சாதாரண டாக்டர் வேண்டும் என்று அங்கிருந்த நர்ஸ் விளக்கினார். குலுக்கலில் பாதிப் பேருக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லும் ஆலோசனைச் சீட்டு மட்டும் கிடைக்கும். மீதிப் பேருக்கு வீட்டுக்கு மிகப் பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே நாள் குறித்துக் கொடுத்து, போனார்களா என்று போனில் விசாரிப்பார்கள். எந்த வழியில் அதிகம் பேர் டாக்டரிடம் போகிறார்கள் என்று கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். தம்பி இரண்டாவது குழுவில் விழுந்தான். கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் புள்ளியியல் நடத்தியவன் நான். இவ்வளவு ஒழுங்கான ஏற்பாட்டில் அவன் சேர்ந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தம்பிக்கு அறுபத்திரண்டு வயது. துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் என்னோடும் என் மனைவியோடும் இருக்கிறான். அவன் குடிப்பது வீதியில் யாருக்கும் தெரியாது என்று மூவருமாக நம்பிக்கொண்டிருந்தோம். வார்டில் இருந்த நாட்களில், கேட்டவர்களிடம் அவன் திருப்பதி போயிருப்பதாக மனைவி சொல்லிவைத்தாள். பக்கத்து வீட்டு மாமி லட்டு எங்கே என்று கேட்டபோதுதான் இடம் தேர்ந்தெடுத்ததில் பிசகு தெரிந்தது.

குறித்த நாளில் சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். ஆறு நிமிஷ நடை. பெஞ்சில் ஒன்பது பேர் இருந்தார்கள், அதில் ஐந்து பேர் தெரிந்தவர்கள். கோயில் கோஷ்டியில் தம்பிக்குப் பக்கத்தில் நின்று பாசுரம் சேவிக்கிறவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“என்ன ஓய், நீரும் இங்கேயா? திருப்பதித் தண்ணி ஒத்துக்கலையா?”

“எனக்கு ஒண்ணுமில்லை. அண்ணாவுக்குத் துணையா வந்தேன்” என்றான் தம்பி.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். தம்பி எழுந்தான். உள்ளே போகவில்லை, வாசலுக்கு நடந்தான். நான் சளி, தும்மல் என்று எதையோ உளறிவிட்டு அவன் பின்னால் ஓடினேன்.

“இனிமே அந்தப் பக்கம் என்னைக் கூப்பிடாதே” என்றான்.

அதன் பிறகு வியாழக்கிழமைகளில் காலையிலேயே எங்கோ கிளம்பிப் போக ஆரம்பித்தான். மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வருவான். எனக்குக் கெட்டதுதான் தோன்றியது. அவன் திரும்பி வந்ததும் செய்தித்தாள் கேட்பதுபோல, மின்விசிறி போடுவதுபோலப் பக்கத்தில் போய் நிற்பேன். மூன்றாவது வியாழன் அவன் பொறுமை இழந்தான்.

“ஊதிக் காட்டட்டுமா? ட்ராஃபிக் போலீஸ் மாதிரி மூக்கை நீட்டிண்டு வராதே.” பையிலிருந்து மாத்திரை உறையை எடுத்து மேஜைமேல் போட்டான். “அரியமங்கலத்துல ஒரு டாக்டரைப் பார்க்கறேன். முதல் நாளே எல்லாத்தையும் சொல்லிட்டேன். எத்தனை வருஷமா, எவ்வளவு, கை நடுங்கினது, வார்டுல இருந்தது, எல்லாம்.”

“அரியமங்கலமா? ரெண்டு பஸ் மாறணுமேடா!”

“மாறினா என்ன? பட்டறை ஆட்கள்தான் உக்காந்திருக்கா. என் நெத்தித் திருமண்ணைப் பார்த்துட்டு ‘சாமி, நீங்க முன்னாடி போங்க’ங்கறா. எந்த வீதி, யாரோட பிள்ளைன்னு ஒருத்தர் கேக்கலை.”

அவன் குளிக்கப் போனதும் மாத்திரைகளை எண்ணினேன். உறையில் எழுதியிருந்த வேளைக் கணக்குக்குச் சரியாக இருந்தது.

அடுத்த வாரம் ஆய்விலிருந்து ஒரு பெண் பேசினாள். என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம்.

“சார், உங்க தம்பி சென்டருக்கு வரலைன்னு சொல்றாங்க.”

“வேற டாக்டர்கிட்ட போறான்மா.”

“அப்படிங்களா! ரொம்ப சந்தோஷம் சார். எந்த டாக்டர்னு சொல்லுங்க. நாங்க அங்க கேட்டு உறுதி பண்ணிக்கிட்டா ‘போனார்’னு போட்டுடலாம். இல்லைன்னா ‘போகலை’ன்னுதான் போட முடியும்.”

தம்பி எதிரில் நின்று சொல்லாதே என்று கையை ஆட்டினான். நாளை சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

“வார்டுலேருந்து அங்கே பேசினா, டோக்கன் குடுக்கற பொண்ணுதான் எடுப்பா” என்றான். “அவளுக்கு மெதுவாப் பேசவே வராது. ஹாலே கேக்கும். அப்புறம் நான் அங்கேயும் போக முடியாது.”

அன்று முழுவதும் அவனோடு வாதாடினேன். டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறவன் அட்டவணையில் போகாதவனாக ஏறுவான். இவனைப் போல இன்னும் சிலர் இருந்தால் அந்த நர்ஸின் முயற்சியே வீண் என்று முடிவாகிவிடும். நாளைக்கு வருகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. சொன்னதில் எதுவும் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

“நீ சொல்றது சரியாவே இருக்கட்டும் அண்ணா” என்றான் அவன், துணிகளை மடித்துக்கொண்டே. “அதுக்காக நான் இன்னொரு டாக்டரைத் தேடணுமா? இந்த ஒரு எடத்துல வாயைத் திறக்கறதுக்கே எனக்கு என்ன பாடுபட வேண்டியிருந்தது தெரியுமா?”

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “ஊர்ல இருக்கற தப்புக் கணக்கையெல்லாம் திருத்த உங்களைத்தான் நியமிச்சிருக்காளா? அவர் போறார், வரார். சும்மா இருங்கோ.”

சும்மா இருப்பது எனக்குக் கைவந்ததில்லை. மாத்திரை உறையில் டாக்டர் பெயர் அச்சிட்டிருந்தது. மறுநாள் காலை போனையும் உறையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷ வேலை. ஆறு நிமிஷ நடை என்று நான் மகிழ்ந்துபோன இடத்தைத் தம்பியால் ஐந்து முகங்களைத் தாண்டி அடைய முடியவில்லை. எது பக்கம் என்று முடிவு செய்தபோது அவனை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதும் அவனைக் கேட்காமல்தான் செய்யப் போகிறேன் என்பது உறைத்தது. போன் அடித்ததும் அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

“நான்தாம்மா பேசறேன். நீங்க அனுப்பின எடத்துக்குப் போகலை. வேற எடத்துக்குப் போறேன், எங்கேன்னு சொல்ல மாட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்கோ. ‘போகலை’ன்னே போட்டுக்கோங்கோ.” அந்தப் பெண் எதையோ கேட்டாள். “இல்லைம்மா, குடிக்கலை” என்றான். அந்த வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் அவன் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜன்னல் திறந்திருந்தது. அவன் குரலைத் தாழ்த்தவில்லை. “இன்னொண்ணு. அடுத்த தடவை யாரையாவது அனுப்பறச்சே, எங்கே போக இஷ்டம்னு கேட்டுட்டு அனுப்புங்கோ.”

வியாழக்கிழமை கிளம்பும்போது, “நீயும் வரயா? உன் பிரஷரையும் பார்த்துடட்டும்” என்றான்.

செருப்பைத் தேடிப் பாதி மாட்டியும்விட்டேன். எங்கள் இருவருக்கும் ஒரே முகம். அங்கே போனால் பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேச்சுக் கொடுக்காமல் என்னால் இருக்க முடியாது. சாமி எந்த வீதி, யாருடைய தம்பி என்பதெல்லாம் அரைமணியில் வெளியே வந்துவிடும்.

“கேஸ் சிலிண்டர் வருது” என்று சொல்லி நின்றுவிட்டேன்.

மூன்று மணிக்கு வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே, “நூத்தி முப்பத்தெட்டு, எண்பத்தாறு” என்றான்.