சிறகில் விழுந்த கொக்கி முடிச்சு

சென்ற சனிக்கிழமை காலை, ஸ்காபரோ பிளாசா ஒன்றின் அழகு நிலையத்தில் என் தங்கைக்காகக் காத்திருந்தேன். நண்பன் ஜெனாவின் புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போகவேண்டும். அவளோ நகப்பூச்சின் நிறத்தைத் தெரிவுசெய்வதற்கே முக்கால் மணி நேரம் எடுத்துவிட்டாள். எனக்குக் காத்திருக்க வராது. எழும்பி நடந்தேன், சுவரில் இருந்த விலைப்பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன், திரும்ப வந்து இருந்தேன். அப்போது பக்கத்துக் கதிரையில் யாரோ ஒரு போத்தலைத் திறந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நான் பிளாசாவில் இல்லை.

பழைய காலத்து விமானங்களின் சிறகு துணியால் ஆனது என்று சொன்னால் பலர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். உண்மைதான். மரத்தில் விலா எலும்புகள்போலச் சட்டங்கள் செய்து, அதன்மேல் துணியைப் போர்த்து, வீட்டு அயர்ன் பெட்டியால் தேய்த்து இறுக்கி, டோப் என்ற திரவத்தைப் பல தடவை பூசவேண்டும். நகப்பூச்சும் டோப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், வாசம் காட்டிக்கொடுத்துவிடும். என் இருபத்திரண்டாவது வயதில் ஒரு கோடை முழுக்க என் தலைமயிரிலும் உடுப்பிலும் அந்த நெடிதான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் நான் நகம் பூசும் கடையில் வேலை செய்வதாக நினைத்திருப்பார்கள்.

வேலை செய்தது பிறம்ரனில், ஒரு களஞ்சியத்தின் கண்ணாடி யன்னலுக்குப் பின்னால். லொறிகளுக்கு நேரம் குறித்துக் கடதாசி கொடுக்கிற வேலை. பட்டம் கையில் இருந்தது, பொறுமை இருக்கவில்லை. ஒரு நாள் கடதாசி வாங்க வந்த லொறிச் சாரதி ஒருவரின் தலையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. கையிலிருந்த போனின் முகப்பில் இரட்டைச் சிறகு விமானத்தின் எலும்புக்கூடு.

“அண்ணை, இது என்ன?”

“பிளேன்.”

“ஆற்றை பிளேன்?”

“என்ர பிளேன். இன்னும் பிளேனாகேல்லை.”

அவர்தான் ஸ்டீபன் அண்ணை. மன்னார்க்காரர். யாரோ பாதியில் கைவிட்ட விமானத்தை வரைபடங்களோடு வாங்கி, ஸ்காபரோவுக்கு வடக்கே சோள வயல்களுக்கு நடுவிலிருந்த ஒரு புல் ஓடுபாதையின் தகரக் கொட்டகையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறே நான் அங்கே நின்றேன். கூப்பிட்டாரா என்று கேட்காதீர்கள். கூப்பிட்டது மாதிரித்தான் எனக்குக் கேட்டது.

எனக்கு இந்தப் பைத்தியம் ஒன்பது வயதிலேயே பிடித்தது. செப்டெம்பர் நீண்ட வார இறுதியில் ஏரிக்கரையில் விமானச் சாகசம் நடக்கும். அப்பா காரை எங்கேயோ தூரத்தில் விட்டுவிட்டு, கொத்துரொட்டிப் பார்சலும் குடையுமாக எங்களை நடத்திக் கூட்டிப்போவார். எல்லோரும் போர் விமானங்களுக்காகக் காத்திருப்பார்கள். எனக்கு அவை பிடிக்காது, வருமுன் போய்விடும். எனக்குப் பிடித்தது சின்ன விமானங்கள். மேலே ஏறி, நின்று, யோசித்து, பிறகு பக்கவாட்டில் சரிந்து விழுபவை. சிறுவயதில் சிற்றூர் விமானநிலையம் ஒன்றில் பார்த்த ஒரு காட்சியைச் சொல்லவேண்டும். கூட்டத்திலிருந்து தொப்பி போட்ட குடிகாரர் ஒருவர் தள்ளாடிப்போய், நிறுத்தியிருந்த விமானத்தில் ஏறி அதைக் கிளப்பிக்கொண்டு போனார். விமானம் மரங்களை உரசியது, ஒற்றைச் சில்லில் ஓடியது. நான் அலறிக்கொண்டு ஓடிப்போய்க் காவலாளியின் காற்சட்டையைப் பிடித்து, “அங்கிள், கள்ளன்!” என்றேன். அது முழுவதும் நடிப்பு என்றும், குடிகாரர் அந்த நாட்டிலேயே நல்ல விமானிகளில் ஒருவர் என்றும் அப்பா சொன்னபோது எனக்கு வெட்கம் வரவில்லை. நானும் அப்படி ஒருநாள் களவெடுக்கவேண்டும் என்றுதான் தோன்றியது.

அந்த நாட்களின் இன்னொரு விமானி கரோல் என்ற பெண். தலைகீழாகப் பறந்துவந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய நாடாவை அறுத்துக்கொண்டு போவார். அதே கரோலைப் பன்னிரண்டு பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு ஸ்டீபன் அண்ணையின் பக்கத்துக் கொட்டகையில் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. சாகசங்களை விட்டுவிட்டார், ஆனாலும் சிவப்பு விமானத்தை விடவில்லை. ஏறுவதற்கு முன் சீமெந்துத் தரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, உள்ளங்கையைச் சிறகாக்கித் திருப்புவார், குனிவார், சுழல்வார். வானில் செய்யப்போவதை உடம்புக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்.

அதை முதல்முறை பார்த்த சுகந்தி அன்ரி என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, உந்த மனிசிக்கு உரு வந்திட்டுதோ?”

சுகந்தி அன்ரி ஜெனாவின் அம்மா. ஜெனா அப்போது கல்லூரியில் விமானம் திருத்தப் படித்துக்கொண்டிருந்தான். அவனும் எங்களோடு சேர்ந்துகொண்டான், இயந்திரம் அவன் பொறுப்பு. மரவேலை ஸ்டீபன் அண்ணை. எனக்குக் கிடைத்தது வாசிக்கும் வேலை. “எனக்கு றோட்டிலை இருக்கிற போர்ட் வாசிக்கிற இங்கிலிஷ் காணும். மிச்சத்தை நீ வாசி தங்கச்சி” என்று தடித்த கையேட்டை என்னிடம் தந்துவிட்டார் அண்ணை. துணியைச் சட்டங்களோடு சேர்த்துத் தைக்கவேண்டும் என்ற இடம் வந்தபோது மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மல்வேர்ன் வட்டாரத்தில் பாதிப் பேரின் கல்யாணப் பிளவுஸ் தைத்தவர் ஜெனாவின் வீட்டிலேயே இருந்தார்.

“ஊரிலை பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்கை ஓடின எனக்கு, இஞ்சை வந்து பிளேனுக்குச் சட்டை தைக்க எழுதியிருக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். வந்தவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்.

சிறகை நிமிர்த்தி வைப்போம். துணிக்கு அந்தப் பக்கம் அன்ரி, இந்தப் பக்கம் நான். முழ நீள ஊசி அங்கிருந்து வரும். நான் சட்டத்தின் மறுபக்கத்தால் திருப்பி அனுப்புவேன். ஆளை ஆள் காணமுடியாது, கதை மட்டும் கேட்கும். யாருக்கு எங்கே கல்யாணம், யார் தந்த அளவுச்சட்டை பொய்.

முதல் நாள் அவர் கேட்டார்: “முடிச்சு எப்பிடிப் போடுறது பிள்ளை? புத்தகத்திலை ஏதும் கிடக்கோ?”

மற்ற இருவரும் வெளியே இயந்திரத்தோடு நின்றார்கள். அன்றைக்கே ஒரு சட்டமாவது முடிந்ததைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் துடிப்பு.

“உங்களுக்குத் தெரிஞ்ச முடிச்சே காணும் அன்ரி.”

கொக்கி தைக்கும் முடிச்சைப் போட்டார். சின்னதாக, அழகாக, மணி கோத்ததுபோல. சிறகுகள் எல்லாம் ஓகஸ்ட் முடிவில் தைத்து முடிந்தன.

முதல் பறப்பைத் தானே ஓட்டித் தருவதாகக் கரோல் ஒப்புக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவருக்கும் அதற்கு அனுமதியும் இல்லை, துணிவும் இல்லை. குளிருக்கு முன் அவர் தெற்கே போய்விடுவார். ஆகவே ஒக்ரோபருக்குள் நடக்கவேண்டும். தையலின்மேல் நாடா ஒட்டுவதற்கு முன் பார்க்க வந்தவர், ஒரு முடிச்சைப் பெருவிரல் நகத்தால் தள்ளினார். நகர்ந்தது. அடுத்ததைத் தள்ளினார். அதுவும் நகர்ந்தது. மெழுகு நூலில் கொக்கி முடிச்சு வழுக்கும். காற்று மேலே இழுக்கும்போது துணி சட்டத்தைவிட்டு எழும்பிவிடும். அவர் கோபப்படவில்லை. இதில் நான் ஏறமாட்டேன் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஜெனா குனிந்து ஒரு முடிச்சைத் தானும் தள்ளிப் பார்த்தான்.

“அம்மா, இது பிளவுஸ் இல்லை. சீரியஸ்லி, ஆள் செத்துப்போகும்” என்றான் ஜெனா.

“விடடா. அக்கா கைப்பழக்கத்திலை போட்டிட்டா” என்றார் ஸ்டீபன் அண்ணை.

அன்ரி என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் அவர் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டார்.

“நான் தையல்காறி. என்னைக் கூப்பிட்டது உங்கட பிழை. இனி ஆரும் என்னை ஊசி பிடிக்கச் சொல்லி வரவேண்டாம்.”

அந்த வாரம் எனக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை என்றெல்லாம் எழுதினால் பொய். சாப்பிட்டேன். ஆனால் ஒரு இடத்தில் இருக்கமுடியவில்லை. நான்காம் நாள் வேலை முடிந்து பிறம்ரனிலிருந்து மூன்று பஸ் மாறி, கையேட்டோடு மல்வேர்ன் போனேன். அன்ரி மேசையில் சிவப்புப் பட்டுத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். இரு என்று சொல்லவில்லை.

“சரியான முடிச்சின்ர படம் இருக்கு அன்ரி. நீங்கள் ஒருக்காப் பாத்தா...”

புத்தகத்தை வாங்கி அவரே தாள்களைப் புரட்டினார். முடிச்சுப் பக்கத்தில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது. என் கையெழுத்து. ஒட்டியதையே நான் மறந்துபோயிருந்தேன். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்.

“லேற்றர் எண்டா பிறகுதானே பிள்ளை?”

“ஓம் அன்ரி.”

“எப்ப ஒட்டினது?”

“ஜூனிலை.”

“நான் தைக்கத் துவங்கினது ஜூலையிலை.”

அவ்வளவுதான் கேட்டார். சிறகுக்கென்று தனி முடிச்சு ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் அன்றைக்கு அப்படிச் சொன்னேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. நான் அழத் தொடங்கினேன். பட்டில் விழாமல் தள்ளி நின்று அழச் சொன்னார். பிறகு அந்தத் துண்டை உரித்து, நாலாக மடித்து, குண்டூசி வைக்கும் தகர ரின்னுக்குள் போட்டு மூடினார்.

“ஜெனாவுக்குச் சொல்லாதை. அவன் உன்னோடை கதைக்கமாட்டான். அவன் கதைக்காட்டி உந்தப் பிளேன் முடியாது. முடிஞ்சாப் பிறகு நீயே சொல்லு.”

அடுத்த மூன்று வார இறுதிகளும், வேலை முடிந்த மாலைகளும் பழைய தையலை பிளேட்டால் அறுத்து, அதே ஓட்டைகளால் புது நூல் விட்டோம். அவர் ஒவ்வொரு முடிச்சையும் நகத்தால் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். இந்த முறை துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கதை வரவில்லை, ஊசி மட்டும் வந்தது.

ஒக்ரோபரின் கடைசி ஞாயிறு கரோல் ஏறினார். விமானம் புல்லில் துள்ளி, ஒரு பக்கம் சரிந்து, நிமிர்ந்து எழுந்தது. நான் ஓடினேன், எதற்கு, எங்கே என்று தெரியாமல் ஓடுபாதை ஓரமாக ஓடினேன். அன்ரி கார்க் கண்ணாடியை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தார். சத்தம் அடங்கியதும் ஒரு விரல் அளவுக்குத் திறந்து, “இறங்கிட்டுதோ?” என்றார். ஸ்டீபன் அண்ணை புல்லில் முழந்தாளில் இருந்து சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். ஜெனா என்னைத் தூக்கிச் சுற்றினான். சொல்லவேண்டிய நேரம் அதுதான். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. எதற்கும் அவசரப்படுகிற நான் இதற்கு மட்டும் அவசரப்படவில்லை.

ஏழு வருடங்களாக ஜெனா எந்தக் கூட்டத்திலும் சொல்லும் பகிடி ஒன்று இருக்கிறது: “எங்கட அம்மா பிளேனுக்குக் கொக்கி வைச்சவா!” சனிக்கிழமை குடிபூரலிலும் சொன்னான். பதினைந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்ரி பாயாசம் பரிமாறிக்கொண்டு தானும் சிரித்தார். காலையில் ஏறிய நெடி தலைக்குள்ளேயே நின்றதோ என்னவோ, நான் எழும்பிவிட்டேன்.

“முடிச்சு அன்ரின்ர பிழையில்லை. என்ர பிழை. எனக்கு முன்னமே தெரியும்.”

சிரிப்பு இன்னும் கூடியது.

“பாருங்கோ, அம்மாவின்ர லோயர் எழும்பிட்டா” என்றான் ஜெனா. “புரூஃப் இருக்கோ மேடம்?”

இல்லை. ஸ்டீபன் அண்ணைக்கு முதுகு போனதும் விமானம் மேற்கே புல்வெளி மாகாணத்துக்காரர் ஒருவருக்குப் போனது, கையேடும் அதோடு போனது. வாங்கியவர் அடுத்த வருடமே பழைய துணியை உரித்தெறிந்துவிட்டுப் புதுத்துணி போர்த்தாராம். கரோலின் தொலைபேசி எண்ணில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். புல் ஓடுபாதைமேல் ஒரு களஞ்சியம் நிற்கிறது. வரிசையாக லொறிகள், கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இன்னொரு பெண்.

“அன்ரி, நீங்களாவது சொல்லுங்கோ. அந்த மஞ்சள் துண்டு. குண்டூசி ரின்னுக்கை வைச்சனீங்கள்.”

அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். நான் அந்த முகத்தில் ஒரு கண்சிமிட்டலைத் தேடினேன். ஒளிப்பு ஒன்றும் இருக்கவில்லை, அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

“எந்தத் துண்டு பிள்ளை? நான்தானே பிழைவிட்டனான். நீ ஏன் அதை உன்னிலை போடுறாய்?” என்று சொல்லி, என் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.