டார்சியின் கயிறும் ஜூலை வெயிலும்

உலகம் தட்டை என்ற முடிவுக்கு டார்சி டிரெகோனிங் அவசரப்பட்டு வந்தவர் அல்லர். வாலன்பா ஊரில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப்பின் புல்தரையை இருபத்திரண்டு ஆண்டுகள் கத்தரித்து, உருளை ஓட்டி, மூலைக்கு மூலை கயிறு கட்டி அளந்து பார்த்த பிறகே வந்தார். கயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு புடைப்பைக்கூட அவர் கண்டதில்லை. ஆராய்ச்சி என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

வியாழன்தோறும் ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கல் முடிந்ததும் கிளப் பாரில் அவர் இந்த உண்மையை ஊருக்கு எடுத்துரைப்பார். எதிர்வாதம் செய்ய ஒரே ஆள்தான், கிளப் செயலாளர் நோலீன். வானிலை நிலையத்தில் முப்பது வருடம் பலூன் பறக்கவிட்டு ஓய்வு பெற்றவர். பதினோரு ஆண்டுகளாக நடக்கும் வழக்கு இது. தீர்ப்பு இன்னும் வந்தபாடில்லை.

அந்த வியாழனும் நோலீன் ஆரம்பித்தார்.

"முப்பத்தெட்டு மீட்டர் கயித்துல உலகத்தோட வளைவு ஒரு முடி தடிமன்கூட வராதுய்யா. அத உன் கண்ணு எப்படிப் பாக்கும்?"

"பாக்க முடியாதத நம்புறதுக்குப் பேரு என்ன தெரியுமா, பலூன்காரம்மா? மூடநம்பிக்கை."

பாரில் இருந்த எட்டுப் பேரும் கைதட்டினார்கள். டார்சி தொப்பியைத் தூக்கி அதை ஏற்றுக்கொண்டார்.

"சரி, பூமத்திய ரேகைக்குத் தெக்க இருக்குற நம்மூர்ல ஜூலையில ஏன் குளிருது? அதச் சொல்லு."

"சூரியன் ஒரு விளக்கு. கோடையில நம்ம பக்கம் வரும். குளிர்காலத்துல வடக்கே தூரமாப் போயிடும். அடுப்ப விட்டுத் தள்ளி நின்னா குளிராதா?"

"தூரம் இல்லய்யா, சாய்வு! வெயில் சாய்வா விழுந்தா அதே சூடு நிறைய எடத்துல பரவிப்போகும். நேரா விழுந்தா ஒரே எடத்துல நிக்கும். ஏன், நம்ம தரையில உறைபனி மொதல்ல எங்க கரையுது?"

"தெக்கு ஓரத்துக் கரைச்சரிவுல." இதில் டார்சியை யாரும் கேள்வி கேட்க முடியாது. அது அவர் தொழில்.

"அது வடக்கப் பாத்த சரிவு, வெயில் நேரா விழும். ஆனா உன் வெளக்குக்கு ரொம்பத் தூரத்துல இருக்குறதும் அதுதான். அப்புறம் எப்படி மொதல்ல கரையுது?"

டார்சி பியரைக் குடித்தார். மெதுவாக, முழுவதும் குடித்தார்.

"அது நல்ல சரிவு" என்றார்.

சனிக்கிழமை மாவட்ட இறுதியாட்டம். எதிரணி மல்கோங் ஊர். பத்து மணிக்குள் தரை தயாராகாவிட்டால் ஆட்டம் மல்கோங்கின் செயற்கைப் புல்லுக்குப் போய்விடும் என்பது விதி. பிளாஸ்டிக் கம்பளத்தில் இறுதியாட்டம்! தன் புல்லைவிட்டு ஓர் ஆட்டம்கூட வெளியே போக டார்சி இதுவரை விட்டதில்லை.

சனி விடிந்தபோது தரை முழுக்க வெள்ளை. உறைந்த புல்லை மிதித்தால் கால் பட்ட இடமெல்லாம் கருகிவிடும். அதனால் தரையைச் சுற்றி டார்சி கட்டிய கயிறு அவிழும்வரை யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. பாதிரியாரையே ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார். தண்ணீர் பீய்ச்சிக் கரைக்கலாம் என்றால், மழை பொய்த்ததால் ஊரில் குழாய்க்குத் தடை.

ஒன்பதேகாலுக்கு முக்கால் தரை பச்சையாகிவிட்டது. வடக்கே நின்ற கிளப் கட்டடத்தின் நிழலில் மட்டும் பனி அப்படியே படுத்திருந்தது. மல்கோங் தலைவர் ரோஸ் கைக்கடிகாரத்தை எல்லோரும் பார்க்கும்படி பார்த்தார்.

"எங்க ஊர்ல கம்பளம் சூடா இருக்கு, டார்ஸ். காரக் கிளப்பட்டுமா?"

"உக்காருய்யா. டீ ஆறுது பாரு."

டார்சி கொட்டகைக் கூரைக்கென்று வாங்கி வைத்திருந்த பளபளக்கும் தகரத் தகடுகள் கிடந்த இடத்துக்குப் போனார். பத்துத் தகடுகள். நோலீனும் மற்ற எட்டு ஆட்டக்காரர்களும் தூக்கினார்கள். தெற்குக் கரையில் வரிசையாக வைத்தார்கள்.

"படுக்க வைக்காத! நிமித்து!" டார்சி கத்தினார். "சூரியன் இப்ப தாழ நிக்குது. படுத்த தகட்டுக்கு மூணுல ஒரு பங்கு வெயில்தான் கெடைக்கும். மூஞ்சிய அதுக்கு நேரா காட்டுனாத்தான் முழுசாப் புடிக்கும்!"

நோலீன் தகட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"இப்ப என்ன சொன்ன?"

"தகட்டப் புடிம்மா. வாதம் அப்புறம்."

தகடுகளில் பட்ட வெயில் திரும்பி நிழலுக்குள் விழுந்தது. டார்சி ஒவ்வொன்றாய் நகர்த்தி, வெளிச்சத்தைப் பனிமேல் மெழுகுவதுபோல் இழுத்துப்போனார். ஒன்பதே முக்காலுக்குப் புல்நுனிகள் சொட்டின. ஒன்பது ஐம்பத்தாறுக்கு அவர் மண்டியிட்டு, கன்னத்தைப் புல்லில் வைத்துப் பார்த்தார். கன்னம் நனைந்தது. எழுந்தார். கயிற்றை அவிழ்த்தார்.

ரோஸ் கார்ச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆடப் போனார்.

"பதினோரு வருஷமா நான் சொன்னதும் இதத்தானய்யா" என்றார் நோலீன். "சாய்வு! இப்பவாவது ஒத்துக்க."

டார்சி கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே யோசித்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. உண்மையான ஆராய்ச்சியாளர் புதுச் சான்றைக் கண்டு பயப்படுவதில்லை.

"ஒத்துக்குறேன். சாய்வுதான்."

"அப்பாடா!"

"உலகம் தட்டைதான். கொஞ்சம் சாஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

நோலீன் விரல்விட்டு எண்ணினார். "பதினோரு வருஷத்துக்கு இவ்வளவு நகந்திருக்க. இன்னும் இருபது வருஷம் உயிரோட இரு, உலகத்த உருண்டையா உருட்டிப்புடறேன்."

"மொதல்ல பந்த உருட்டு. உன் முறை."