வெளிச்சத்துக்காக வெட்டிய கூரை

அப்போது ரங்கூனில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவும் வேலை எனக்கு. கப்பலில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர், வடதுருவத்துப் பக்கம் தான் எடுத்த கண்ணாடி நெகட்டிவ்களைப் பிரதி போடக் கொண்டுவந்தார். உறைந்த பனியைக் கத்தியால் அறுத்து அடுக்கிக் கட்டிய வீடுகள், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி, காயப்போட்ட மீன். எஸ்கிமோக்கள் என்றார்.

ஒரு படம் பனிவீட்டின் உட்புறம். தோல் விரிப்பில் ஒரு குடும்பம், தாயின் மடியில் குழந்தை.

"உள்ளே இவ்வளவு வெளிச்சம் எப்படி முதலாளி?" என்றேன்.

முதலாளி துரையிடம் கேட்டுச் சொன்னார். "பாதிக் கூரைய வெட்டி எடுக்கச் சொன்னாராம்டா. படம் முடியிற வரைக்கும் குளிர்ல உக்காந்திருந்தாங்களாம்."

இருவரும் சிரித்தார்கள். படத்தில் அந்தத் தாயின் தோள்கள் குளிரில் காதுவரை ஏறியிருந்தன. எனக்கு உடம்பு எரிந்தது. ஆனாலும் பிரதி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் துரைக்குக் கூலிக்காரர்கள் குடியிருப்பையும் படம் எடுக்க வேண்டுமாம். "இவன் பசுந்தாங் கூலி லைன்லதான் இருக்கான்," என்று முதலாளி என்னைக் காட்டினார். கேமரா ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு என் வீட்டுக்கே அவர்களைக் கூட்டிப்போனேன்.

ஒரே அறையில் மூன்று குடும்பங்கள். நடுவில் சாக்குத் திரைகள். என் மனைவிக்கு நிறைமாதம். திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள்.

"இருட்டா இருக்கு. அந்தச் சாக்கக் கழட்டு," என்றார் முதலாளி.

"பொம்பள படுத்திருக்கு முதலாளி."

"ரெண்டு நிமிஷம்டா."

கழற்றினேன். என் கையாலேயே கழற்றினேன். அவள் பதறி எழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். துரை கைத்தடியை நீட்டி அவள் கையைக் கீழே தள்ளிவிட்டுப் படம் எடுத்தார்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பியதும், இன்னும் கழுவாத அந்தக் கண்ணாடித் தகட்டை உறையிலிருந்து பிரித்து வாசல் வெயிலில் போட்டேன். வெளிச்சம் பட்டுப் படம் அழிந்தது.

"பாவி, என்னடா பண்ணிட்டே!" முதலாளி ஓடி வந்தார்.

"வேணும்னுதான் பண்ணினேன். என் பெண்டாட்டி படம் அவனுக்கு எதுக்கு?"

அன்றே வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு. அவள் திரையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தகட்டக் கெடுத்தீங்களாக்கும்," என்றாள். "அவன் கம்ப நீட்டினப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். அது அவளுக்கும் தெரியும்.

பிறகு க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை தூக்கப் போனேன். மகள் பிறந்து தவழும்வரை அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துரைமேல் இருந்த ஆத்திரம்கூடக் காலப்போக்கில் கொஞ்சம் தணிந்தது. என்மேல் உள்ளது இன்றுவரை தணியவில்லை.